பதிலுக்கு எத்தனை மதிப்பெண்?

தேநீர்க் கடைக்கு அன்று அமெரிக்கா வந்திருந்தது!

டோல்கேட் தேநீர்க் கடை; 2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள்; காலை ஆறரை மணி. அவர்கள் நாட்டிலே அது முதல் நாளின் இரவு. பிலடெல்பியா நகரிலே கமலா ஹாரிசும் டொனால்டு டிரம்பும் எதிரெதிர் நின்று சொற்போர் தொடுத்தனர். துறைமுகத்திலே பணிபுரியும் நண்பர் ஒருவரின் கைபேசிக்குள்ளே அந்தப் போர்க்களம்! தலையோடு தலை முட்ட ஐந்து பேர் நின்று பார்த்தோம். ஐவரில் ஆங்கிலம் அறிந்தோர் இருவர். ஆர்வம் கொண்டோர் ஐவரும்! சாலையிலே கன்டெய்னர் லாரிகள் கத்திக்கொண்டு நின்றன, கண்ணாடித் தம்ளரிலே தேநீர் ஆறிற்று, நாமோ அசையவில்லை.

"யாரு ஜெயிக்கிறா, சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அந்த அம்மாதான்" என்றோம், பட்டம் பெற்ற படிப்பின் மிடுக்கோடு.

என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று அவர் வினவவில்லை. வினவியிருந்தால் விடை சொல்லியிருப்போமா? ஐயமே! அம்மையார் நிமிர்ந்து நின்றதைக் கண்டோம். எதிரியின் பேச்சைக் கேட்டு எள்ளி நகைத்ததைக் கண்டோம். டிரம்ப் முகம் சுளித்ததைக் கண்டோம். கேட்கப்பட்ட கேள்வி எது, அதற்குக் கிடைத்த பதில் எது என்று பிரித்தெடுத்துச் சொல்ல மட்டும் நமக்கு இயலவில்லை. குத்துச் சண்டை பார்த்துவிட்டு வந்தவன், எவன் விழுந்தான் என்று சொல்வான். எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று சொல்வானோ? அந்த நிலைதான் நம் நிலையும்!

அந்த மேடையிலே ஒரு பொய் உலவிற்று. ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரிலே, பிழைக்க வந்தவர்கள் அண்டை வீட்டாரின் நாயையும் பூனையையும் பிடித்துத் தின்கிறார்கள் என்றார் டிரம்ப். நகர நிர்வாகத்தைக் கேட்டோம், நம்பத்தகுந்த செய்தி ஏதும் இல்லை என்றார்கள் என்று நிகழ்ச்சியை நடத்தியவர் அங்கேயே மறுத்தார். மறுத்து என்ன பயன்? பொய் பாட்டாயிற்று, கேலிப்படமாயிற்று, கைக்குக் கை பறந்தது. நம் கடையிலும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். அதே நாட்களில் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன; பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேற்றப்பட்டனர். இதனைப் பின்னர்ப் படித்தபோது, பள்ளி ஆசிரியன் என்ற முறையிலே, சிரித்த வாயைக் கையால் மூடிக்கொண்டோம்.

பார்த்தவர்களைக் கணித்துக் கேட்டபோது, பெரும்பாலோர் ஹாரிசே வென்றார் என்றனர். நவம்பர் 5ஆம் நாள் நடந்த தேர்தலிலே வென்றவரோ டிரம்ப்! (இதற்கிடையே நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்திலே, அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் ஊர் என்பதற்காக, கோவிலில் பூசை போட்டுப் பார்த்தார்கள். சொற்போரும் கைகொடுக்கவில்லை; சூடமும் கைகொடுக்கவில்லை!) அதற்கு முன், சூன் 27ஆம் நாள், அட்லாண்டா நகரிலே பைடன் தடுமாறினார், சொல் மறந்து நின்றார், சூலை 21ஆம் நாள் போட்டியை விட்டே விலகினார். 2020ஆம் ஆண்டிலோ, கிளீவ்லாந்து நகரிலே ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பாய்ந்த கூத்தைக் கண்டு சகியாமல், அடுத்த முறை ஒலிபெருக்கியின் வாயை அடைக்க ஏற்பாடு செய்தார்கள்! வல்லரசின் தலைவராக வருவோருக்கு, நாம் ஆறாம் வகுப்பிலே கையாளும் ஒழுங்குமுறை!

இவ்வளவுதானா சொற்போர் என்று சலித்துக்கொள்ளும் அமெரிக்க இளைஞர்கள் பலர். சலிப்பிலே நியாயம் உண்டு. ஆனால், அந்நாட்டு வரலாற்றிலேயே வேறொரு ஏடும் இருக்கிறது.

1858ஆம் ஆண்டு. இல்லினாய்ஸ் மாநிலத்தின் செனட் இடத்துக்காக ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும் ஏழு ஊர்களிலே எதிரெதிர் நின்று பேசினர். ஒவ்வொரு கூட்டமும் மூன்று மணி நேரம்! ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார். மற்றவர் ஒன்றரை மணி நேரம் மறுப்பார். முதல்வர் மீண்டும் அரை மணி நேரம் விடையளிப்பார். வெட்டவெளியிலே, ஒலிபெருக்கி இல்லாத காலத்திலே, உழவரும் வணிகரும் நின்று கேட்டனர். ஃப்ரீபோர்ட் என்னும் ஊரிலே லிங்கன் ஒரு கேள்வி தொடுத்தார்: ஓர் ஆட்சிப்பகுதி தனி மாநிலமாகும் முன்பே, அங்கு வாழும் மக்கள் அடிமை முறையைச் சட்டப்படி விலக்கிவைக்க முடியுமா, முடியாதா? முடியும் என்றால் டக்ளசைத் தென்னாட்டு அடிமை முதலாளிகள் வெறுப்பர். முடியாது என்றால் வடநாட்டார் கைவிடுவர். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் கேள்வி! டக்ளஸ் பதில் சொன்னார். முடியும் என்றே சொன்னார். செனட் இடம் அவருக்கே கிடைத்தது, லிங்கன் தோற்றார். ஆயினும் அந்தப் பதிலைத் தென்னாடு மறக்கவில்லை. 1860ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலிலே டக்ளசின் கட்சி இரண்டாகப் பிளந்தது; லிங்கன் வென்றார்.

அந்த லிங்கனைச் சிலையாக்கித் தொழ நாம் சொல்லவில்லை. அதே சொற்போர்களில் ஒன்றில், சார்ல்ஸ்டன் ஊரிலே, வெள்ளையரும் கறுப்பரும் எல்லா வகையிலும் சமம் என்று தாம் கூறவில்லை என்று கைதட்டலுக்காகக் குனிந்தவரும் அவரே. எந்த மக்களின் விலங்கைப் பற்றி ஏழு ஊரிலே பேசினார்களோ, அந்த மக்களுக்கு அந்த மேடையிலே இடமில்லை. இந்தக் குறையைச் சொல்லிய பின்னும் ஒன்று மிஞ்சுகிறது: அங்கே ஒரு கேள்வி இருந்தது, அதற்கு ஒரு பதில் இருந்தது, பதில் சொன்னவன் அதன் விலையைக் கொடுத்தான்.

1960க்குப் பிறகு கதை மாறிற்று. கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியிலே தோன்றினர். ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் கண்டனர். பேசிய பொருளைவிட, நோயுற்று எழுந்து வந்த நிக்சனின் வெளுத்த முகத்தைப் பற்றியே உலகம் இன்றளவும் பேசுகிறது. நம் கடைக்காரர் கேட்ட கேள்வியின் பிறப்பிடம் அங்கே.

நமக்கு இது புதிதா? இல்லை! குண்டலகேசியின் கதையை எண்ணுக. துறவு பூண்ட அந்தப் பெண் ஊர்தோறும் சென்று, மணலைக் குவித்து, நாவல் கிளையொன்றை நட்டு நிறுத்துவாளாம். என் கொள்கையை மறுப்பவர் இக்கிளையைப் பிடுங்கட்டும் என்பது பொருள். என்னை வாழ்த்த வாருங்கள் என்று அழைக்கவில்லை அவள். மறுக்க வாருங்கள் என்று அழைத்தாள்! 1943ஆம் ஆண்டிலே, சென்னைச் சட்டக் கல்லூரியிலே, கம்ப இராமாயணத்தைக் கொளுத்தலாமா என்பது குறித்து அறிஞர் அண்ணாவும் இரா. பி. சேதுப்பிள்ளையும் ஒரே மேடையிலே மோதினர். பின்பு சேலத்திலே நாவலர் சோமசுந்தர பாரதியார். எதிரியைத் தேடிச் சென்று, அவருடைய நேரத்தை அவருக்குக் கொடுத்து, அதன் பிறகு பேசிய காலம் அது. தாம் சொன்னதற்காக எதையும் ஏற்காதீர், உம் அறிவைக் கொண்டு ஆராய்ந்து கொள்வீர் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி அமர்ந்தார் பெரியார். இன்று? அவரவர் கட்சிக்கு அவரவர் மேடை. அவரவர் தொண்டருக்கு அவரவர் கைதட்டல். பிடுங்க ஆள் வராத இடமாகப் பார்த்துக் கிளை நடுகிறோம்!

2024ஆம் ஆண்டு மே திங்களிலே, முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ. பி. ஷா ஆகியோரும் இதழாளர் என். ராமும் சேர்ந்து, பிரதமர் மோடியும் ராகுல் காந்தியும் பொதுமேடையிலே நேருக்கு நேர் விவாதிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினர். ராகுல் காந்தி இசைந்தார். விவாதம் நடக்கவில்லை. தேர்தல் நடந்தது, ஆட்சி அமைந்தது, ஏன் நடக்கவில்லை என்று கேட்டு நம் தெருவிலே ஒருவரும் உறக்கம் இழக்கவில்லை. அமெரிக்கன் தன் சொற்போர் தரம் தாழ்ந்ததே என்று வருந்துகிறான். நமக்கோ வருந்துவதற்கும் ஒரு சொற்போர் இல்லை!

சரி, நம் ஊருக்கு வருவோம். டோல்கேட் என்று பெயர். கேட் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சுங்கம் வாங்கிய காலம் போயிற்று, வாயில் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. 2021இலே மெட்ரோ ரயில் வந்தபோது நிலையத்துக்கும் இந்தப் பெயரே கிடைத்தது. சுங்கச் சாவடியின் இலக்கணம் யாது? காசைக் கொடுத்தவனை, எங்கே போகிறாய், எதை ஏற்றிப் போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. கட்டினான், கடந்தான்!

இதற்கு அருகிலேயே உள்ள ஆர்.கே. நகர் தொகுதியிலே, 2017 ஏப்ரல் 12ஆம் நாள் நடக்க இருந்த இடைத்தேர்தலை, வாக்காளருக்குப் பணம் பாய்கிறது என்று கூறித் தேர்தல் ஆணையம் நிறுத்திவைத்தது. திசம்பர் 21ஆம் நாள்தான் வாக்குப்பதிவு நடந்தது. அன்று முதல் வடசென்னைக்காரன் என்றால் வாக்கை விற்பவன் என்று நகரத்தின் மற்றப் பகுதிகளிலே கேலி பேசுகிறார்கள். வாங்குபவன் ஏழை என்பதால் அவனை ஏசுவது எளிது. கொடுப்பவன் எதை வாங்குகிறான் என்று எவரேனும் எண்ணினரா? வாக்கை வாங்குகிறான் என்பது பாதி உண்மை. அவன் வாங்குவது, பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை! சுங்கம் கட்டிவிட்டேன், வழியை விடு என்கிறான். ஐந்தாண்டு கழித்து, இந்தப் புகை ஏன், இந்தச் சாலை ஏன் இப்படி என்று கேட்க வாய் திறந்தால், "உனக்குத்தான் கொடுத்தாயிற்றே!" என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. கை நீட்டியவனின் வாய் தானே மூடிக்கொள்கிறது. இதிலே கை நீட்டியவனுக்கும் பங்கு உண்டு. இல்லையென்று சொல்லி அவனைக் குழந்தையாக்க நாம் விரும்பவில்லை.

ஆனால் தோழர்களே, பணம் வாங்காத நாம் மட்டும் தூய்மையானவர்களோ? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தொலைவு வந்தோம்.

அமெரிக்கச் சொற்போரைப் பார்த்த சூட்டோடு, நாம் பணியாற்றும் பள்ளியின் மாணவர் மன்றத்திலே ஒரு மாதிரித் தேர்தல் வைத்தோம். மூன்று மாணவர் வேட்பாளர்; மற்றோர் வாக்காளர்; நாம் நடுவர். வாக்காளர் கேள்வி கேட்கலாம், வேட்பாளர் மறுமொழி தர வேண்டும் என்று விதி. "ஏழைக்கு என்ன செய்வீர்?", "தமிழுக்கு என்ன செய்வீர்?" என்று கேள்விகள் வந்தன, பதில்கள் முழங்கின. பின்பு, எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பேருந்தேறி வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"போன டிசம்பர் வெள்ளத்துல ஆத்துல எண்ணெய் வந்துச்சு. எங்கப்பா வலைய கழுவிப் பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுட்டாரு. அடுத்த மழையில திரும்ப வந்தா, நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்லணும்? எத்தன நாள்ல வருவாங்க?"

2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்ததை நாடே கண்டது. 2017 சனவரியிலே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோதும், வாளி கொண்டு அள்ளியவர்கள் இதே கரையிலே நின்றார்கள். ஆகவே அவள் கேட்டது கற்பனைக் கேள்வி அன்று.

வேட்பாளன் ஒருவன் மார்பை நிமிர்த்தினான்: "எண்ணெய் மிதந்தால் என்ன? எழுச்சி மிதக்கும்! கடல் கறுத்தால் என்ன? நம் கண் சிவக்கும்! அலையிலே பிறந்தவர் நாம், வலையிலே விழமாட்டோம்!"

அரங்கம் அதிர்ந்தது! கைதட்டினர், விசிலடித்தனர். நாமும் தட்டினோம். பதினான்கு வயதிலே என்ன மொழியோட்டம், என்ன எதுகை என்று வியந்தோம். நம் கையிலிருந்த தாளிலே குரல்வளம் 10, உச்சரிப்பு 10, மொழிநடை 10, மெய்ப்பாடு 10, நேர ஒழுங்கு 10 என்று ஐந்து கட்டங்கள். ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டோம். பரிசு அவனுக்கே.

மறுநாள் பேருந்து நிறுத்தத்திலே அந்த மாணவி கேட்டாள்: "சார், அவன் நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே?"

வாயடைத்து நின்றோம். தாளை எடுத்துப் பார்த்தோம். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னானா என்று ஒரு கட்டம் அதிலே இல்லை! அந்தத் தாளைக் கோடு போட்டு எழுதியது எந்த அரசியல்வாதி? எந்தத் தொலைக்காட்சி முதலாளி? நாமேதான். நம் ஆசிரியரிடமிருந்து பெற்றோம். அவர் தம் ஆசிரியரிடமிருந்து பெற்றார். பேச்சாலே வளர்ந்த நாடு நம்முடையது; மேடையே பள்ளியாக, மேடையே படிப்பகமாக எழுந்த இயக்கத்தின் பிள்ளைகள் நாம். அந்தப் பெருமை பெரிது. அதே பெருமை நம் காதைக் கெடுத்தும் இருக்கிறது. மோனை வந்து விழுந்ததும் கை தானே எழுகிறது. மூளை அதன் பின்னாலே மெல்ல நடந்து வருகிறது, சில நேரம் வராமலே நின்றுவிடுகிறது.

உடன் பணிபுரியும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் வேறு வழியே வந்து மடக்கினார். "சொற்போரே வேண்டாம் தம்பி! காமராசர் என்ன பேச்சாளரா? இரண்டு சொல், மூன்று சொல். பள்ளிக்கூடம் திறந்தார், பகல் உணவு போட்டார். அவரை 1967இல் விருதுநகரிலே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கடித்தீர்கள். எதனாலே? உங்கள் மேடையாலே! பேச்சை அளந்து ஆளைத் தேர்ந்தால் இப்படித்தான்."

சுருக்கென்றது. 1967இலே மொழிப் போரும் இருந்தது, அரிசிப் பஞ்சமும் இருந்தது, மேடை மட்டும் வெல்லவில்லை என்று மறுத்தோம். பெரியவர் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதிலேயே நமக்கு வேண்டிய விடை கிடந்தது. பேசத் தெரியாதவர் பதில் சொல்லத் தெரியாதவர் அல்லர். பள்ளி இல்லையே என்ற கேள்விக்குப் பள்ளியைக் காட்டினாரே, அது பதில். அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டியதும் நாலு சொல்தான்: இந்த அலுவலகம், இந்த அதிகாரி, இத்தனை நாள், தவறினால் இன்னார் பொறுப்பு. இதற்கு எதுகை வேண்டாம், இடிமுழக்கம் வேண்டாம், திக்கித் திக்கிச் சொன்னாலும் போதும். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்வதும் ஒரு பதிலே. கண் சிவக்கும் என்பது பதில் ஆகாது.

பிறர் வாழ்வின் மேல் அதிகாரம் கேட்பவன், அந்தப் பிறருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன். அரசனுக்கு அந்தக் கடமை இல்லை. கடவுளுக்கு உண்டு என்று எவரும் கேட்டதில்லை. வாக்குக் கேட்டு வருபவனுக்கு உண்டு. அவன் அரசனும் அல்லன், கடவுளும் அல்லன் என்பதற்கு வேறு என்ன அடையாளம்? ஆயினும் கடன்காரன் தானே வந்து கடனைக் கட்டுவதில்லை. கேட்கும் வரை கடன் நினைவுக்கு வராது. கேட்டவன் ஒரு பாட்டுக்கு மயங்கித் திரும்பினால் கடன் தீர்ந்ததாகவே கணக்கு எழுதப்படும்.

கேட்கும் இடங்கள் இல்லாமலில்லை. சட்டமன்றத்திலே கேள்வி நேரம் இருக்கிறது; தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. தமிழகத்து நகர்ப்புறங்களிலே பகுதி சபை என்ற ஒன்றை 2022 நவம்பர் 1ஆம் நாள் முதன்முதலாகக் கூட்டினர். அங்கே குண்டலகேசியும் வேண்டாம், கென்னடியும் வேண்டாம், கவுன்சிலர் எதிரே நின்று, "எத்தனை நாள்?" என்று கேட்கும் ஒருவர் போதும். சென்னை மாநகராட்சிக்கு 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கேட்பதற்கு ஆளே இல்லாமல் ஐந்தாண்டுக்கு மேல் ஓடிற்று. அந்தக் காலத்திலே எத்தனை பொதுக்கூட்டங்களுக்குப் போனோம், எத்தனை பேச்சுகளைப் பாராட்டினோம் என்று எண்ணிப் பார்க்கையில், நாற்பத்தாறு மதிப்பெண் போட்ட நம் கை நினைவுக்கு வருகிறது.

மன்றத்தின் மதிப்பெண் தாளை மாற்றி எழுதினோம். குரல்வளத்தை எடுக்கவில்லை, தமிழ் அழகாக இருப்பது குற்றமா என்ன? ஆறாவது கட்டம் ஒன்று சேர்த்தோம்: கேட்டதற்குப் பதில், 50. மொத்தம் நூறு. அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் இடுவது நடுவர் அல்லர், கேள்வி கேட்டவர்.

பரிசு பெற்ற மாணவனை அழைத்து, பழைய பேச்சுக்குப் புதிய தாளிலே அவனுக்கு என்ன கிடைக்கும் என்று காட்டினோம். முகம் வாடிற்று. நாமும் அவனுக்குக் கைதட்டியவர்கள்தாம் என்பதையும் சொன்னோம். ஒரு வாரம் கழித்து ஒரு தாளோடு வந்தான். எண்ணெய் வந்தால் எந்தத் துறையிடம் சொல்வது, மீன்வளத் துறையிடமா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமா என்று யாரையோ கேட்டு அரைப் பக்கம் எழுதியிருந்தான். மோனை ஒன்றுகூட இல்லை. அந்த மாணவியிடமே கொடுக்கச் சொன்னோம். நின்றபடியே படித்தாள்.

"எத்தன நாள்ல வருவாங்கன்னு இல்லையே?" என்றாள்.

"அதை யாரும் சொல்லமாட்டேங்கிறாங்க. இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றான்.

ஐம்பதுக்கு இருபது போட்டாள்.